மருதேவியின் தேடல் பெட்டி

கடையைத் திறந்ததும் மருதேவி தான் செய்து கொடுத்த பதினோரு இணையதளங்களையும் வரிசையாகத் திறந்து, தேடல் பெட்டியில் ஒன்றும் எழுதாமலே பொத்தானை அமுக்கிப் பார்ப்பாள். "ஒண்ணுமே கேக்காம வந்து நிக்கறவனுக்கு இன்னா பதில் சொல்லுதுன்னு பாக்கணும். அதுல தெரிஞ்சிடும் கடைக்காரன் லட்சணம்" என்பாள்.

செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், மாடியில் ஒற்றை அறை. வயது நாற்பத்தாறு. கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில்தான் நிற்கும். கணினியோடு ஓயாமல் சண்டை. "நேத்து நல்லாத்தான இருந்த? இப்ப இன்னா வந்துச்சு உனுக்கு?" பரம்பரையாகச் சமண வீடு, பொழுது சாய்ந்துவிட்டால் வாயில் ஒரு பருக்கை படாது. ஐந்தரைக்கெல்லாம் டிபன் பாக்ஸைத் திறந்து, ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் கழுவியும் கவிழ்த்துவிடுவாள். அந்த நேரத்தில் எந்தக் கொம்பன் படியேறி வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

போன தை மாதம் வெற்றிவேல் கொதித்துப்போய் வந்தான். நெல் அறுக்கும் மெஷின்களை வாடகைக்கு விடுகிறவன். "இன்னாக்கா வெப்சைட்டு இது? மழையில ஊரெல்லாம் நெல்லு சாஞ்சி கெடக்குது, எனக்கு ஒரு போன் வரல. இந்த வாரம் பாப்பேன், அப்புறம் தூக்கிடு."

அவன் தளத்தின் தேடல் பெட்டியில் யார் என்ன தேடினார்கள் என்ற பட்டியலை மருதேவி திறந்தாள். 'வாடகை', 'டயர் வண்டி' என்று இருக்கும் என நினைத்தாள். இருந்ததெல்லாம் கடிதங்கள். "ஐயா வணக்கம். பனமலை மீனம்பாள். ஏரிக்கு கீழ ரெண்டு ஏக்கர். ஒண்ணுல நெல்லு சாஞ்சிடுச்சி. சேத்துல எறங்குற பெல்ட் வண்டி வருமா?" அடியில் போன் நம்பர். எழுதி ஆறு நாள் ஆகியிருந்தது. ஆயத்த மென்பொருளோடு வந்த பெட்டி; தளத்தின் பக்கங்களில் மட்டும் தேடிவிட்டு, "மன்னிக்கவும். இங்கே எதுவும் இல்லை" என்று பதில் சொல்லியிருந்தது.

உடனே கூப்பிட்டாள். மீனம்பாள் கோபப்படக்கூட இல்லை. "அதான் இல்லன்னு சொல்ட்டீங்களேம்மா. மன்னிப்பு வேற கேட்டீங்க. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிகினு திரும்ப கேக்கறது? ஒரு ஏக்கரு முளைச்சிப் போச்சி. இன்னோன்னு இன்னும் கொஞ்சம் பச்சையா நிக்குது."

மருதேவிக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றுமே கேட்காதவனுக்கு என்ன பதில் என்று தினமும் பார்த்தவள், எல்லாவற்றையும் கொட்டிக் கேட்டவளுக்கு என்ன பதில் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"தொடர்புக்குன்னு தனியா ஒரு பக்கம் இருக்குதேக்கா, அதுல எழுதினா இன்னாவாம்?" என்றான் வெற்றிவேல்.

"மொகத்துக்கு நேரா பெட்டி இருக்கும்போது பக்கத்த எவன் தேடுவான்? நான் செஞ்சதுதான் தப்பு, போ."

பெட்டியில் எழுதுவது எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதையே மாற்ற உட்கார்ந்தாள். ஒன்றிரண்டு வார்த்தை என்றால் பழையபடி தேடும். அதற்கு மேல் போனாலோ, போன் நம்பர் இருந்தாலோ, வெற்றிவேல் கைபேசிக்கும் அவள் கைபேசிக்கும் செய்தியாக வந்து விழும். முதல் நாள் பொத்தானே செத்துக் கிடந்தது. இரண்டாம் நாள் 'டயர்' என்று தேடினாலும் அவள் போன் அலறியது. மூன்றாம் நாள்தான் வழிக்கு வந்தது. 'மன்னிக்கவும்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, "உங்க சேதி வந்துடுச்சு. நாங்களே கூப்புடறோம்" என்று எழுதினாள்.

அடுத்த வாரம் மறுபடி மழை. ஐந்தரை ஆகியிருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து முதல் பிடியை எடுக்கும்போது போன் சிணுங்கியது. "ஐயா வணக்கம். பனமலை மீனம்பாள். மிச்ச ஏக்கரும் சாஞ்சிடுச்சி."

கையை உதறிக்கொண்டு வெற்றிவேலைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. எங்கோ வயலில், மெஷின் இரைச்சலில் இருப்பான். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி உச்சியில் வெயில் சிவந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது தடவை எடுத்தான்.

"காலைல மொத வண்டி பனமலைக்குத்தான்க்கா. சத்தியமா."

அதை மீனம்பாளிடம் சொன்னாள். "நெசமாவா? வருமா?" என்று அந்தம்மா மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் மருதேவி "வரும்மா" என்றாள்.

போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். மலை கறுத்திருந்தது. எடுத்த பிடியைப் பாக்ஸிலேயே போட்டு, மூடியை அழுத்தி மூடிப் பைக்குள் வைத்தாள்.