முழங்காலுக்கு அடியில் ஒரு காப்பி

ஃபேரர் பார்க் காப்பிக்கடையில் பால் போடாத காப்பி சொன்னால், சில நாள் அடியில் கொஞ்சம் தூள் தங்கிவிடும். போன வாரம் அந்தத் தூளின் வாசத்தில் மாட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். காப்பி கலக்கும் தம்பி வந்து நின்றான். “என்னண்ணே, கோப்பி ஆறிப்போச்சு லா. வேற தரவா?” வேண்டாம் என்றேன். நான் அந்த நேரம் அல்பேனியாவில் இருந்ததை அவனிடம் எப்படிச் சொல்வது?

நான் உயர்நிலை இரண்டோடு பள்ளியை விட்டவன். செம்பவாங்கில் கப்பல் பட்டறை, கிராஞ்சியில் செடிப் பண்ணை, நடுவில் லாரி ஓட்டம் என்று ஓரிடத்தில் நிற்காமல் திரிந்தேன். சபையில் என்னை ஊழியப் பயணத்துக்குச் சேர்த்தது பக்தியைப் பார்த்து அல்ல, ஏணி ஏறத் தெரியும் என்பதால். ஜெபிக்கச் சொன்னால் எனக்கு இரண்டு வாக்கியம் வரும்.

போன இடம் அல்பேனியாவின் வடக்கே, மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். எங்கள் சபையைச் சேர்ந்த கிரேஸ் அக்கா முன்பே போய் அங்கே நர்ஸாக இருந்தார், மொழியும் தெரியும். அந்த ஊரில் விருந்தாளி உள்ளே போனதும், கழற்றிப் போட்ட காலணிகளை வீட்டுக்காரர்கள் வாசல் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவார்கள். கிளம்பும்போது நமக்குச் சிரமம் இருக்கக் கூடாதாம். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் போகச் சொல்கிறார்கள் என்று அடியில் தூள் தங்கும் அந்த ஊர்க் காப்பியை நான் அவசரமாகக் குடித்து வாயைச் சுட்டுக்கொண்டேன்.

லெக்கா என்பவரின் கூரை ஒழுகியது. நான் மேலே ஓடு மாற்ற, அவர் உள்ளிருந்து பரண் ஓட்டை வழியாகக் கையை மட்டும் நீட்டி ஓடு கொடுத்தார். திடமான ஆளுக்கு இவ்வளவு சோம்பலா என்று, மேலே வரும்படி கையசைத்தேன். கீழே நின்ற அக்கா கத்தினார். “ஏய், அவரக் கூப்பிடாத! வெளிய வந்தா சுட்டுடுவாங்க!”

வாய்க்கால் தகராறில் லெக்காவின் சித்தப்பா ஒருவரைக் கொன்றுவிட்டுச் சிறையில் செத்துப்போனார். பழைய வழக்கப்படி, இறந்தவரின் வீட்டார் இந்த வீட்டு ஆண் யாரையும் பழிவாங்கலாம். வீட்டுக்குள் இருக்கும்வரை தொட மாட்டார்கள். பெண்களுக்குப் பயமில்லை என்பதால் வயலும் சந்தையும் மனைவி திரீத்தாவின் வேலை. நகரத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அந்த மலைப்பக்கம் சில வீடுகளில் மட்டும் இந்த வழக்கம் மிச்சமிருந்தது.

லெக்கா ஓடுகளைத் தடவித் தடவி எடுப்பதை அக்கா கவனித்துவிட்டார். “கண்ல பிரஷர் ஏறிடுச்சு. ஆஸ்பத்திரி மெஷின்ல பாக்கணும். லேட்டானா பார்வை போயிரும், திரும்ப வராது.”

ஒரே ஒரு நாள் அவரை விட்டுவைக்கும்படி கேட்க, இறந்தவரின் மகன் வீட்டுக்கு நானும் அக்காவும் போனோம். அந்த மனிதர் நெஞ்சில் கை வைத்து வரவேற்றார். எங்களுக்கு இரு கைகளால் காப்பி கொடுத்தார். நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு தன் கோப்பையை எடுத்து, வலது காலைத் தூக்கி, முழங்காலுக்கு அடியில் நீட்டிக் காட்டினார்.

அக்கா மெல்லச் சொன்னார். “அப்பாவுக்குப் பழி வாங்காதவனுக்குக் கடையில இப்படித்தான் கோப்பி தர்றாங்களாம். ஒரு நாள் விட்டுக்கொடுத்தா மகனுக்கும் இப்படியே தருவாங்களாம்.”

மன்னிப்பைப் பற்றி அக்கா வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். இப்போது காப்பியை எடுத்துக் குடித்தார்.

“அக்கா, நான் ஏதாச்சும் சொல்லவா?”

“நீ என்னத்தடா சொல்லப் போற? குடி.”

குடித்தேன். வெளியே எங்கள் காலணிகள் வாசல் பார்த்துத் தயாராக இருந்தன.

காரியம் நடக்கவில்லை என்று லெக்காவிடம் போய்ச் சொன்னோம். திரீத்தா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். லெக்கா, போய்க் கேட்டதற்கு நன்றி சொன்னார். மிச்ச ஓடுகளையும் மாற்றிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

சில மாதம் முன்பு அக்கா போனில் அழைத்தார். லெக்காவுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டதாம். துப்பாக்கியைப் பார்க்க முடியாதவனைச் சுடுவது கௌரவம் இல்லை, தாராளமாக வெளியே வரலாம் என்று இறந்தவரின் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்களாம். படமும் வந்தது. லெக்கா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். முதுகுக்குப் பின்னால் மலை முழுக்கப் பனி. நாற்காலியை மலைப்பக்கம் திருப்பிப் போடட்டுமா என்று அக்கா கேட்டாராம்.

வேண்டாம், வெயில் இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்றாராம் லெக்கா.