இரு கன்னங்களிலும் வெண்தழும்பு

என் மகளை அந்நிய நாட்டவள் ஆக்கியது நான்தான். தவறிப்போய் அல்ல. மனு எழுதி, முத்திரைக் கட்டணம் கட்டி, மூன்று மாதம் அலைந்து ஆக்கினேன்.

அப்போது ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தாவாக இருந்தேன். நானும் மனைவியும் இந்தியப் பிரஜைகள் என்று தூதரகத்தில் பதிவாகியிருந்தோம். இருவருமே இந்தியாவைப் பார்த்ததில்லை. எங்கள் பெற்றோர் பொன்னேரிப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள், அவ்வளவுதான். மகள் பிறந்ததும், எங்களுக்குத்தான் எந்த ஊரும் நிச்சயமில்லை, பிறந்த மண்ணிலாவது இவள் உரிமையோடு இருக்கட்டும் என்று அவளை மட்டும் பர்மியப் பிரஜையாகப் பதிவு செய்தேன். ஆலையில் எல்லோரும் என் முன்யோசனையை மெச்சினார்கள். அவளுக்கு ஐந்து வயதாகும்போது ஆலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எங்களைப் போன்றவர்கள் கப்பல் ஏறலாம் என்றாயிற்று. எங்கள் வீட்டில் அந்த நாட்டில் தங்கிவிட உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு இன்னும் தானாகச் சோறு பிசைந்து சாப்பிடத் தெரியாது.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் நாளன்று, சொந்த நாட்டுக்குப் போகிறோம், பிள்ளை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று மனைவி தனக்கா அரைத்தாள். தனக்கா என்பது பர்மாவில் பெண்களும் குழந்தைகளும் முகத்தில் பூசிக்கொள்ளும் மரப்பட்டைச் சாந்து. காய்ந்தால் வெளுத்துவிடும். மகளுக்குக் கன்னத்துக்கொரு வட்டமாகப் பூசிவிட்டாள்.

துறைமுகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி களைத்திருந்தார். அங்க அடையாளம் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். “தீக்காயமா?” என்று கேட்டார்.

பல மாதங்களாக அதிகாரிகள் எதைக் கேட்டாலும் தலையாட்டி வந்தவன் நான். அப்போதும் ஆட்டினேன். ‘இரு கன்னங்களிலும் வெண்தழும்பு’ என்று அவர் எழுதுவதைத் தலைகீழாகவே படித்தேன். மறுத்திருக்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பேனாவை நிறுத்துவது எங்கள் தொழிலில் அமங்கலம்.

கவரைப்பேட்டையில் மறுபடி ஓர் அரிசி ஆலை, மறுபடி குமாஸ்தா. மகளுக்கு ஆண்டுக்கொருமுறை தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் திருவள்ளூரில் ஓர் அலுவலகம். முதல் ஆண்டு அவளைப் பளிச்சென்று குளிப்பாட்டி அழைத்துப் போனேன். அங்கிருந்த எழுத்தர் கோப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கன்னத்தை விரலால் தடவியும் பார்த்தார்.

“இன்னாப்பா, தழும்பு எங்க? வேற பொண்ண எதனா மாத்தி இட்டுக்கினு வந்துட்டியா?”

உண்மையைச் சொன்னால், துறைமுகத்தில் பொய் சொன்னவன் ஆவேன். பொய்த் தகவல் தந்தால் அனுமதி ரத்து என்று படிவத்தின் அடியிலேயே அச்சடித்திருந்தது. ரத்தானால் இவளை எங்கே அனுப்புவார்கள்? பர்மாவுக்கு, தனியாக. வெயிலில்தான் அது நன்றாகத் தெரியும் என்று உளறினேன். தெரிகிற நாளில் கொண்டுவரச் சொன்னார், ஒரு வாரத்துக்குள்.

கொண்டுவந்திருந்த தனக்காக் கட்டை தீர்ந்து போயிருந்தது. மனைவி இரண்டு நாள் ஊர் மரங்களையெல்லாம் மோந்துகொண்டு திரிந்து, ஆலைக்குப் பின்னால் நின்ற விளாமரத்தில் வந்து நின்றாள். அதே வாசனை. பட்டையை அரைத்துப் பூசினால் அதே வெள்ளை.

“தோ, இப்பத்தான் சரியா கீது” என்று எழுத்தர் முத்திரை குத்தினார்.

அப்படி ஒன்பது ஆண்டுகள். புதுப்பிக்கும் நாளன்று காலையில் விளாம்பட்டை அரைபடும். பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில், கன்னத்தில் வெள்ளை வட்டங்களோடு ஒரு பெண்ணைப் பார்த்தவர்கள் அம்மன் கோயிலுக்குப் போகிறோம் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார்கள். வேண்டுதலா என்று கேட்டால் ஆமாம் என்பேன். அதில் பொய் ஏதும் இல்லை.

இதற்கிடையில் மகள் எங்கள் அனுமதி இல்லாமலேயே உள்ளூர்க்காரி ஆகிவிட்டாள். ரங்கூனில் அப்பா என்று அழைத்தவள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து என்னை நைனா என்றாள். நாங்கள் பேசுவதைக் கேட்டுக் கடைக்காரர்கள் எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். அவளை யாரும் கேட்டதில்லை. வீட்டில் அந்நியர் அவள் ஒருத்திதான்.

அவளுக்குப் பதினான்கு முடிந்ததும் குடியுரிமைக்கு மனுப் போட்டேன். ஓராண்டு கழித்து அதே அலுவலகத்தில் பெரிய அதிகாரி நேரில் பார்க்க வேண்டும் என்று கடிதம் வந்தது. போக வேண்டிய நாளன்று காலையில் மனைவி வழக்கத்தைவிடக் கவனமாகப் பூசினாள்.

திருவள்ளூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் மகள் நேராகக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். நான் ஓடிப் பிடிப்பதற்குள் ஒரு கன்னம் போய்விட்டது.

“இந்த மூஞ்சோடவே வரேன் நைனா. இன்னா பண்ணிடுவாங்க?”

ஒரு நாட்டைவிட்டு எழுந்து வந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? இன்னொரு கன்னத்தையும் நிதானமாகக் கழுவினாள்.

அதிகாரி இளைஞர். கோப்பை முதல் தாளிலிருந்து படித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். வெயில் காலத்தில்தான் நன்றாகத் தெரியும் என்று ஆரம்பித்தேன். அது சித்திரை மாதம்.

“அது தழும்பு இல்ல சார்” என்றாள் மகள். “விளாம்பட்டை. எங்கம்மா அரைச்சிப் பூசுவாங்க.”

அதிகாரி எழுத்தரை உள்ளே கூப்பிட்டு, இத்தனை ஆண்டுகளாகக் கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

“ரெண்டாம் வருசமே தெரியும் சார். வேர்வையில வழிஞ்சிச்சி” என்றார் எழுத்தர். “பைல்ல கீறத மாத்த எனக்கு அதிகாரம் இல்லீங்களே. பொண்ணு பைலு மாதிரி வருது, நானும் முத்திர குத்திக்கினு இருந்தேன்.”

பிறகு என்னைப் பார்த்து, “நீ சொல்லுவன்னு நெனச்சேம்பா” என்றார். அவர் சொல்வார் என்று ஒன்பது ஆண்டு நான் பயந்திருந்தேன்.

அதிகாரி பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். துறைமுகப் பதிவு பொய் என்றால் விசாரணை வரும். விசாரணை வந்தால் ஒன்பது முத்திரைகளும் அவருடைய அலுவலகத்தினுடையவை. கடைசியில், தழும்பு ஆறிவிட்டது என்று ஓர் அரசு மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார். வெளியே போகும்போது எழுத்தர் என் தோளைத் தட்டினார். எனக்கு அழுகைதான் வந்தது.

மருத்துவர் டார்ச் அடித்து இரண்டு கன்னங்களையும் பார்த்தார். அவர் மனசாட்சியுள்ளவர். தழும்பு ‘முழுமையாக ஆறிவிட்டது, அடையாளமே இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார். இல்லாத புண் ஆறியதற்கு இதைவிடச் சரியாக யாரும் சான்று தர முடியாது.

புதிய சான்றிதழ் எழுதும் நாளில் எழுத்தருக்கு அங்க அடையாளம் ஒன்று தேவைப்பட்டது. மகள் இடது முழங்கைக்குக் கீழே நீளமான ஒரு கீறலைக் காட்டினாள். அது ஏது என்று கேட்டார்.

“பட்டை எடுக்கச் சொல்ல விளாமுள்ளு கிழிச்சது” என்றாள்.

அவர் அதை அழுத்திப் பார்த்து, விரலை எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்துவிட்டு எழுதினார். இப்போது அவள் எங்களைப் போலவே இந்தியப் பிரஜை. சான்றிதழ் பெட்டியின் அடியில், புடவைகளுக்குக் கீழே இருக்கிறது.

நடந்து முடிந்துவிட்டது, இனி என்ன என்று மனைவி சொல்கிறாள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மகள் கொடியில் துணி உலர்த்தக் கையைத் தூக்கும்போதெல்லாம் என் கண் அந்தக் கீறலுக்குப் போய்விடுகிறது. நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், போன வருடத்தைவிடக் கொஞ்சம் மங்கியிருக்கிறது.