டொக்டர் சொன்ன கரியர்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத்துக்கும் எனக்கும் ஆகாது, ஓ.எல். பரீட்சையில் தமிழே என்னைக் கைவிட்டது. ஆனால் வாயால் சொல்லத் தொடங்கினால் நான் எதையும் பகிடியாக்கிச் சிரித்துவிடுவேன். இதைப் பகிடியாக்கி ஒரு தடவை கெட்டாயிற்று. அதனால்தான் கொப்பியை எடுத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் இரத்ததானம் நடந்தது. புண்ணியத்துக்காக நான் போகவில்லை. இரத்தம் கொடுத்தால் மோல்ட் பால் பக்கற்றும் பிஸ்கற்றும் கிடைக்கும் என்று கூட்டாளி இழுத்துக்கொண்டு போனான். நானும் அவனும் ஒரே போட்டில் மீன் தொழிலுக்குப் போகிறவர்கள். அவனுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் அவன் முன்னாலேயே இருந்து பிஸ்கற் முழுவதையும் தின்றேன்.

இரண்டு கிழமை கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. கதிரையில் இருத்தி, ஒரு டொக்டர் அம்மா ஆறுதலாகச் சொன்னார்.

“தம்பி, உங்கட ரத்தத்தில ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கு. நீங்கள் ஒரு கரியர்.”

எனக்குத் தெரிந்த கரியர் சைக்கிளின் பின்னால் இருப்பது. மீன்பெட்டி கட்டினாலும் ஆளை ஏற்றினாலும் கரியருக்கு ஒன்றும் ஆகாது. சுமப்பது மட்டும்தான் அதன் வேலை. டொக்டர் அதற்குப் பிறகும் நிறையச் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஈரலைப் பார்க்க வேண்டும், அம்மாவையும் கூடப் பிறந்தவர்களையும் கூட்டிவந்து சோதிக்க வேண்டும் என்றார். நான் தலையை ஆட்டினேன். காது கரியரோடு நின்றுவிட்டது.

கரைக்கு வந்து கூட்டாளியிடம் சொன்னேன். அவன் என் முதுகில் ஒரு ஐஸ் பெட்டியை வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான். பிறகு கரை முழுக்க என் பெயர் கரியர். எனக்கும் அது பிடித்திருந்தது. கிளினிக் பக்கம் போகவேயில்லை. வீட்டில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எனக்கு ஒரே ஒரு அண்ணா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூப்பு. போட் எஞ்சின் திருத்துகிறவர். கள்ளுக் குடிக்காத ஆள், கலியாண வீட்டில்கூடச் சோடாதான். போன வருடம் அவர் மெலியத் தொடங்கினார். சாரத்தை ஒரு மடிப்புக் கூட்டி உடுத்தார். அண்ணி சோறு போடுவதில்லையா என்று கேட்டுச் சிரித்தேன். வலது பக்க விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்றார். எஞ்சின் தூக்கினால் அப்படித்தான் என்றேன். பிறகு கைகால் மெலிய வயிறு மட்டும் ஊதியது. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“எத்தினை மாசம் அண்ணா?”

அவர் சிரித்தார். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்ததை அந்தச் சிரிப்பில்தான் கண்டேன்.

ஊரில் களவாகக் குடித்திருப்பார் என்று கதைத்தார்கள். ஸ்கான் எடுத்தவர்கள் உடனே கொழும்புக்கு அனுப்பினார்கள். ஈரலில் புற்றுநோய். அங்கே வார்டு டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, குடி இல்லாமலும் இது வரும், இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருக்கிறது, பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம், வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் இருந்து ஈரலைக் கெடுத்திருக்கிறது என்றார். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன், பள்ளிக்கூடத்தில் உயர்த்துகிற மாதிரி.

முன்பே சோதித்திருந்தால் அண்ணாவைக் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். அவர் அண்ணாவின் ஸ்கான் படத்தைத் திரும்ப உறையில் போட்டார். மூன்று மாதத்தில் அண்ணாவை அடக்கம் செய்தோம்.

அம்மாவுக்கும் கிருமி இருந்தது. அண்ணாவின் பிள்ளைகளுக்கு இல்லை, அவர்களுக்குக் குழந்தையிலேயே ஊசி போட்டிருந்தார்கள். நாங்கள் பிறந்த காலத்தில் அந்த ஊசி எங்களுக்குக் கிடைக்கவில்லை. இது ஒருவருடைய பிழையும் இல்லை என்று அம்மாவிடம் பல தடவை சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே மீன் வெட்டுவார்.

அடக்கத்துக்குப் பிறகு என் கை தானாக விலாவுக்குக் கீழே போய் அழுத்திப் பார்க்கும். வலை இழுக்கும்போதும், பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் அதே வேலை. சோறு கொஞ்சம் குறைவாகத் தின்றாலும் அண்ணா மெலிந்தது ஞாபகம் வரும். முகம் கழுவினால் கண்ணாடியில் முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன்.

ஒருவழியாகக் கிளினிக்குக்குப் போய், ஸ்கான் எடுக்கப் படுத்தபோது வயிற்றில் குளிராக ஏதோ பூசினார்கள். டொக்டர் கருவியை வலது பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். எனக்குப் பயம் வந்தால் பகிடிதான் வரும். ஆண் பிள்ளையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஓர் இடத்தில் நிறுத்தினார், விலகினார், திரும்ப அதே இடத்துக்கு வந்து அழுத்தினார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். விடச் சொல்ல மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

“இண்டைக்கு ஒண்டும் இல்லைத் தம்பி.”

நான் எழும்பவில்லை. நாளைக்கு வருமா என்று கேட்டேன். அதற்காகத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறோம் என்றார். இரத்தச் சோதனையைப் பார்த்து, தினம் விழுங்க ஒரு குளிசையும் தந்தார்கள். ஒரு நாளும் விடக்கூடாது என்றார்கள், நானாக நிறுத்தவும் கூடாது. குளிசை கிருமியை அடக்கி வைக்கும், முழுதாக அழிக்காது.

கடைசியில் தாதி ஒரு கேள்வி கேட்டார். ஒரே தட்டில் சாப்பிட்டதால் பயமில்லை, சவரக்கத்தியை யாரோடாவது பங்கிட்டீர்களா என்றார்.

முள்ளிக்குளத்துப் பக்கம் மீன் சீசனுக்குப் போனால் நானும் கூட்டாளியும் கரையோரம் ஒரு வாடி போட்டு, ஒரே ஓலைக் குடிலில் மாதக்கணக்காகக் கிடப்போம். ஞாயிறு பூசைக்கு முன் தாடி வழிக்க வேண்டும். இருவருக்கும் ஒரே கத்தி. முதலில் நான் வழிப்பேன். வெட்டினால் இரத்தத்தைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கத்தியை அவனிடம் கொடுப்பேன். நாலு வருடம்.

அடுத்த நாள் போட்டில் வலையிலிருந்து நண்டு கழற்றும்போது எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணாவின் ஈரல், என் ஈரல், கத்தி, எல்லாம். என்னைத் தள்ளிவிடுவான், அல்லது பகிடி விடுவான் என்று காத்திருந்தேன். அவன் கையில் இருந்த நண்டைக் கழற்றாமலே வைத்திருந்தான்.

“ரத்தச் சோதனைக்கு வெறும் வயித்தில போகோணுமோடா?” என்றான்.