நாக்கண்ணனின் மூக்கு

பேருந்துப் பணிமனையில் அவரை நாக்கண்ணன் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று காவலாளியே திருப்பி அனுப்பிவிடுவார். நகரப் பேருந்து ஓட்டுநர். ஒல்லியான ஆள். சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர் தின்றதையெல்லாம் எங்கே ஒளித்து வைக்கிறார் என்று கேட்கத் தோன்றும் உடம்பு.

முதல் வாய் எடுத்து வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். "எண்ணெய் பழசு" என்பார். பழசாகத்தான் இருக்கும். "வெங்காயத்தை அவசரத்துல வதக்கியிருக்கான்" என்பார். சமையல்காரன் உள்ளேயிருந்து திருட்டு முழியோடு எட்டிப் பார்ப்பான். அவர் தலையை ஒருமுறை ஆட்டினால் பணிமனைக் கூட்டம் முழுக்க அந்தக் கடையில்தான். முகத்தைச் சுளித்துவிட்டாலோ, கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அவருடைய பேருந்திலேயே நடத்துநராக இருந்த தம்பி ஒருவன் அவருக்கு நிழல் மாதிரி. "அண்ணன் சொல்லிட்டா அப்பீலே கிடையாது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். சொந்த நாக்கு என்று ஒன்று தனக்கும் இருப்பதையே அவன் மறந்துபோயிருந்தான்.

வீட்டிலும் இதே தீர்ப்பு நடந்தது. மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. சட்டத்தில் சரியாக உட்காரும்படி கண்ணாடியின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். மயிரிழை கூடினால் பொருந்தாது, குறைந்தால் கழன்று விழும். அங்கே அவள் கையைக் குறை சொன்னவர் யாரும் இல்லை. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தால்தான் அந்தக் கை தயங்கும். தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, தீர்ப்பு வருவதற்குள் அடுக்களைக்குள் போய்விடுவாள். அங்கே கழுவிய பாத்திரத்தையே இன்னொரு முறை கழுவிக்கொண்டிருப்பாள்.

அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, தட்டைத் தள்ளியதில்லை. "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை" என்பதைப் பாராட்டு என்றே நம்பியவர். ஊரில் எந்தக் கடையில் எதைத் தின்றாலும், மனசு சரியில்லாத நாளில் அவருக்கு வேண்டியது வீட்டில்தான் இருந்தது. சூடான சோறு, மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு வறுவல், மேலே மஞ்சள் உடையாத ஒரு முட்டை. அதை அவர் மனைவியிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சில நாள் கஞ்சியிலேயே கிடந்தார். காய்ச்சல் விட்ட அன்று, வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டும் என்றார். மனைவி உருளைக்கிழங்கு வறுத்தாள். அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"என்ன எண்ணெய் இது?"

"எப்பவும் வாங்குறதுதான்."

"உப்பு தெரியுது. காரம் சுடுது. மத்தது ஒண்ணையும் காணோமே."

கல்லூரிக்குப் போகும் மகள் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்று பார்த்தாள். "எப்பவும் போலதாம்ப்பா இருக்கு. சொல்லப்போனா இன்னைக்கு நல்லாவே இருக்கு."

அவளுக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. காப்பித்தூள் டப்பாவைத் திறந்து அவர் மூக்கடியில் நீட்டினாள். ஒன்றும் இல்லை. உரித்த பூண்டு, வினிகர், கடைசியாகத் தன் நகச்சாயம். எதற்கும் அவர் முகம் மாறவில்லை. தைலத்தைக் காட்டியபோது கண்ணில் தண்ணீர் வந்தது, வாசனை வரவில்லை.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு ஊரையே சொல்லுவீங்களே அப்பா" என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மருத்துவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அடைப்பு இல்லை, காய்ச்சலில் வாசனை நரம்பு சோர்ந்திருக்கிறது, பெரும்பாலும் திரும்பி வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். தினமும் காலையில் நாலு வாசனையை மோந்து பழகச் சொன்னார்.

வீடு திரும்பும் வழியில் அவர் மனைவியிடம், "பணிமனையில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. நாக்கு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா என் மானம் போயிடும்" என்றார்.

"செத்தது மூக்குங்க. நாக்கு நல்லாத்தான் இருக்கு, பேசுது பாருங்க" என்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படிக் கேலி செய்ததே இல்லை. அவருக்குக் கோபம் வர வேண்டியது, சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் நிலைமை மாறத் தொடங்கியது. குறை சொல்ல ஆளில்லை என்றதும் மனைவியின் கைக்குத் துணிச்சல் வந்தது. ஒருநாள் பூண்டை அள்ளிப் போட்டாள். ஒருநாள் தக்காளியை நெருப்பில் சுட்டுப் பிசைந்து வைத்தாள். மகள் மூன்றாம் முறை சோறு கேட்டாள். நாக்கண்ணன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் விருந்து நடப்பது போல இருந்தது அவருக்கு.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் வீட்டில் கேட்டது அதுதான் முதல் தடவை.

மனைவி மென்றுகொண்டே யோசித்தாள். "பூண்டு முன்னாடி வந்து நிக்குது, வீட்டுக்கு வந்த பெரிய மாமா மாதிரி. அவர் செருப்பைக் கழட்டி உள்ள வந்து உக்காந்த பிறகுதான் மிளகு பின்னாடியிருந்து எட்டிப் பாக்குது."

"தக்காளி?"

"தக்காளி மாமாவோட சம்சாரம். சத்தமே இல்ல. ஆனா அவங்க இல்லாம வேலை ஆகாது."

மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் எடுத்து, மாமாவையும் சம்சாரத்தையும் தேடிப் பார்த்தார்.

மணம் போனபின் அவருக்கு ரசிக்க மிச்சமிருந்தது மொறுமொறுப்பு ஒன்றுதான். ஒருநாள் அடுக்களையில் தண்ணீர் குடிக்கப் போனவர், மனைவி நின்றபடியே பானையின் அடியைக் கரண்டியால் சுரண்டித் தின்பதைப் பார்த்தார். அடிப்பிடித்த சோறு. பொன்னிறமாய், அப்பளம் போலப் பெயர்ந்து வந்தது.

"இதைப் போய் ஏன் திங்கற? தூக்கிப் போடு."

"எனக்கு இதான் புடிக்கும். சின்ன வயசுலேருந்து. நீங்க திட்டுவீங்கன்னுதான் நீங்க எழுந்திரிச்ச பிறகு தின்னுவேன்."

அவர் கையை நீட்டினார். ஒரு சில்லு கொடுத்தாள். கடித்தார். காதுக்குள் சத்தம் கேட்டது. காய்ச்சலுக்குப் பிறகு ஒரு சாப்பாடு அவரோடு பேசியது அப்போதுதான். அன்றிலிருந்து பானையடிக்கு இரண்டு பேர் போட்டி. மகள் வந்து நடுவில் கோடு கிழித்துப் பங்கு பிரித்தாள்.

பணிமனையில் கதை வேறாக இருந்தது. அங்கே அவர் நடித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடுவார், தலையை ஆட்டுவார், பொதுவாக ஏதாவது சொல்வார். "பரவாயில்ல, பக்குவம் இருக்கு" என்பார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்தச் சமயத்தில் பணிமனைக்கு எதிர்ச்சந்தில் ஒரு அக்கா புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறந்தார். நாலு மேசை, சுவரில் ஒரு மின்விசிறி, பின்னால் அடுப்பு. திறந்த அன்றே நடத்துநர் தம்பி அண்ணனை அழைத்துக்கொண்டு போனான். கூடவே ஒரு கூட்டம். முதலில் கோழி சூப் வந்தது.

கிண்ணத்தைத் தூக்கியவுடனேயே மற்றவர்கள் முகத்தில் ஏதோ ஓடியது. எல்லோரும் நாக்கண்ணனைப் பார்த்தார்கள். அவர் ஒரு மடக்கு குடித்தார். சூடு, உப்பு, கொஞ்சம் மிளகுக் காரம். கண்ணை மூடினார். புதுக் கடை, பாவம், பெண்பிள்ளை தனியாக நடத்துகிறாள் என்று நினைத்தார்.

"அருமை" என்றார்.

மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குடித்தார்கள். "ஆமாமா, ஒரு தனி மணம் இருக்கு" என்றார் ஒரு மூத்த ஓட்டுநர். "புகை போட்ட மாதிரி" என்றார் இன்னொருவர். நடத்துநர் தம்பி தன் கிண்ணத்தை முடித்துவிட்டு, அண்ணனுக்கு மரியாதையாக இன்னொன்றும் வாங்கிக் குடித்தான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து கடைக்கார அக்கா ஓடி வந்தார். "யாரும் குடிச்சிடாதீங்க. சூப்பு அடிப்பிடிச்சு ஒரே தீய்ஞ்ச நாத்தம், நான் இப்பதான் பாக்குறேன்." பேசிக்கொண்டே காலிக் கிண்ணங்களைப் பார்த்தார். "எப்படிங்க குடிச்சீங்க?"

எல்லோரும் நாக்கண்ணன் பக்கம் திரும்பினார்கள். தப்பிக்க வழி இருந்தது, ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் தம்பி செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்த கோலத்தைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"எனக்கு வாசனையே தெரியலப்பா. காய்ச்சல் வந்ததுலேருந்து. சாணியைக் கரைச்சுக் கொடுத்தாலும் சூடா இருக்குன்னுதான் சொல்லுவேன்."

தம்பி செம்பைக் கீழே வைத்தான்.

"அண்ணே, ரெண்டு கிண்ணம் குடிச்சேன் உங்களுக்காக."

"யாருடா குடிக்கச் சொன்னா? உனக்கு மூக்கு இல்லையா?"

"இருந்துச்சு. நீங்க அருமைன்னதும் அதுமேல நம்பிக்கை போயிடுச்சு."

முதலில் சிரித்தது கடைக்கார அக்காதான். அப்புறம் மேசையே சிரித்தது. தனி மணம் என்று சொன்ன மூத்த ஓட்டுநரை அதன் பிறகு பல நாள் யாரும் நிம்மதியாக விடவில்லை. அக்கா எல்லோருக்கும் முட்டை பொரித்து, ரொட்டியோடு கொண்டுவந்து வைத்தார். நாக்கண்ணன் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, "எப்படியிருக்கு, சொல்லுங்கடா" என்றார்.

இதுவரை கேட்காத கேள்வி என்பதால் ஆளாளுக்குத் தடுமாறினார்கள். பிறகு வாய்கள் திறந்தன. ஒருவருக்கு முட்டை ஓரம் கருகினால்தான் பிடிக்குமாம். ஒருவருக்குச் சூடான எதுவும் ஆகாதாம், எல்லாம் ஆறிய பிறகுதான். மூத்த ஓட்டுநர் வீட்டில் யாரும் பார்க்காதபோது ரொட்டியில் சர்க்கரை தூவித் தின்பாராம். இத்தனை காலம் ஒரே மேசையில் உட்கார்ந்து தின்றவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று நாக்கண்ணனுக்கு அன்றுதான் தெரிந்தது. மானம் போகும் என்று பயந்திருந்தார். போனது பசிதான், பேச்சு சுவாரசியத்தில் நிறையவே தின்றுவிட்டார்.

மூக்கு திரும்பி வந்தது சிக்னலை ஒட்டிய ஒரு பேருந்து நிறுத்தத்தில். கூடை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு அம்மா முன்வாசலில் ஏறினார். அவர் கடந்து போனதும் என்னவோ ஒன்று நாக்கண்ணனைத் தொட்டது. முதலில் வெளிச்சம் போலத்தான் இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. பச்சை விளக்கு விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஒலி எழுப்பினார்கள். தம்பி ஓடி வந்து, "என்னண்ணே, வண்டி நின்னுடுச்சா?" என்றான். "இல்லடா, கிளம்பிடுச்சு" என்றார் அவர்.

அன்று இரவு மனைவி பூண்டும் சுட்ட தக்காளியும் வைத்தாள். மணம் வாசலிலேயே வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார். அதற்குள் அவள் எப்போதும் போலத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னைக்கு வெங்காயத்துக்குத் தூக்கம் பத்தல, எழுப்பி உக்கார வெச்ச மாதிரி இருக்கு" என்று தொடங்கிவிட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார். மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும்.

பால்தான் காட்டிக்கொடுத்தது. மனைவி மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் காதில் பாட்டு. நாக்கண்ணன் கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர், மூக்கை நிமிர்த்தி, "ஏம்மா, பால் தீயுது பாரு" என்று மாடிக்குக் குரல் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் உறைத்தது.

மனைவி துணிக்குவியலோடு இறங்கி வந்து அடுப்பை அணைத்தாள். பிறகு அவர் எதிரே வந்து நின்றாள்.

"எப்ப வந்துச்சு?"

"ஒரு வாரமிருக்கும்."

"ஏன் சொல்லல?"

அவர் ஊசியில் நூலைக் கோப்பது போலக் கொஞ்ச நேரம் பாவனை செய்தார். "சொன்னா நீ பேசறதை நிறுத்திடுவியோன்னு. சாப்பாட்டை விட அது நல்லா இருந்துச்சு."

"அப்ப சாப்பாடு நல்லா இல்லையா?"

"அதான் சொல்ல வந்தேன். பூண்டு ரொம்ப அதிகம்."

"எனக்கு அப்படித்தான் புடிக்கும்."

"தெரியும். போடு. உருளைக்கிழங்குல மட்டும் கொஞ்சம் குறைச்சுக்க. மனசு சரியில்லன்னா நான் தேடி வர்றது அது ஒண்ணுதான்."

அவள் கையிலிருந்த துணியை நாற்காலியில் போட்டாள். "இதை இத்தனை வருஷம் வயித்துக்குள்ளயா வெச்சிருந்தீங்க?" என்றாள். கோபமா சந்தோஷமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அன்று வறுவலில் பூண்டே இல்லை. இரண்டு நாள் கழித்துப் பழையபடி சேர்ந்துகொண்டது, அவரும் கேட்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் எதிர்ச்சந்து அக்கா கடைக்குப் போகிறார்கள். நடத்துநர் தம்பியும் வந்து ஒட்டிக்கொள்வான். போன வாரம் அக்கா மீன் வறுத்து வைத்தார். மாவு கூடிவிட்டது என்றாள் மனைவி. மாவு இருந்தால்தான் மீனே என்றான் தம்பி. அக்கா கரண்டியோடு வந்து தம்பி பக்கம் சேர்ந்துகொண்டார். சண்டை வலுத்தது. நாக்கண்ணனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் சூடு ஆறுவதற்குள் தன் மீனை முடித்துவிட்டு, வாதத்தில் மும்முரமாக இருந்த தம்பியின் தட்டிலிருந்து ஒரு துண்டை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.