தார் படிந்த கட்டைவிரல்

அமெரிக்காவில், மில்பிடாஸில் எங்கள் தெருவுக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலை மூடப் போனவள் அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். அது அப்பாவின் வாசனை.

அப்போது எனக்கு ஏழு வயது. இந்தி எதிர்ப்புக்காரர்களோடு போய், ரயில் நிலையப் பலகையின் இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழித்துவிட்டு வந்திருந்தார் அப்பா. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தும் கட்டைவிரலில் கறுப்பு போகவில்லை. அந்தக் கையாலேயே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழை எளியவர்களை இந்திக் கதைக்குள் கொண்டுவந்த முன்னோடி ஒருவரின் கதைகள், தமிழ் மொழிபெயர்ப்பில். காபி ஆறிப்போனது. கடைசிப் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவரும் இந்திக்காரர்தானேப்பா?"

"போர்டுல இருக்கறது டெல்லிக்காரன் திணிச்சது. இவரு நம்மாளும்மா."

இப்போது சாப்பாட்டு மேஜையில், காலேஜ் இந்தி வகுப்புக்காக அதே எழுத்தாளரை மூலத்தில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்தாள்.

"அம்மா, தாத்தா ஹேட்டட் ஹிந்தி, ரைட்?"

அலமாரியிலிருந்து அப்பாவின் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்து அவள் முன் வைத்தேன். பலகையில் ஓர் எழுத்தையும் விட்டுவைக்காத அந்தக் கட்டைவிரல், இங்கே ஓர் எழுத்தின் மீதும் படாமல், ஓரமாகப் பதிந்திருந்தது.