கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம்?

போன மாதம் என் கணவர் என் முகத்தை அளந்தார். அடிமட்டத்தால்.

சிரிக்காதீர்கள். பழைய கண்ணாடியில் பஸ்ஸின் நம்பரும் தெரியவில்லை, கொப்பியில் எழுதிய சுரமும் தெரியவில்லை என்று கண் டொக்டரிடம் போயிருந்தேன். அவர் புதுப் பவர் எழுதித் தந்தார். அதோடு விட்டாரா? "புதுக் கண்ணாடி வருமட்டும் ஸ்கூட்டி ஓடாதேங்கோ ரீச்சர்" என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கு அது பெரிய அடி. ஓய்வு பெற்ற பிறகு வயலின் படிக்கத் தொடங்கியதை இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். வகுப்பு உடுவிலில், வீடு நல்லூரில். வயலினைத் தோளில் கொளுவிக்கொண்டு ஸ்கூட்டியில் போய் வருவது – அறுபது தாண்டிய வயதில் நான் எனக்காக மட்டும் செய்கிற ஒரே காரியம் அதுதான்.

ஸ்கூட்டியைப் படங்கு போட்டு மூடியாயிற்று. கணவர் தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். வகுப்பு முடியும் வரை வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்ப்பார். ஒருவர் அப்படி நின்றால் யாருக்கு வில் ஒழுங்காக ஓடும்?

ஒருநாள் வரும் வழியில் சொன்னார். "இந்த வயசிலை இனி என்னத்துக்கு உந்த ஓட்டம்? ஆறுதலா வீட்டிலை இருந்து வாசியன்."

எனக்குத் திக்கென்றது. கண்ணாடி வந்தாலும் ஸ்கூட்டி இல்லை என்று ஆகிவிடுமோ?

அந்தக் கண்ணாடிக்கு இங்கே கடையில் சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மகள் தர்ஷிதான் வழி சொன்னாள். "நான் ஒன்லைன்ல ஓர்டர் பண்ணுறன் அம்மா. திருவிழாவுக்கு மாமி வாறா, அவவிட்டைக் குடுத்துவிடுறன்." எங்கள் வீடுகளுக்கு அரைவாசிச் சாமான் இப்படித்தானே வருகிறது... யாரோ ஒருவரின் சூட்கேஸில், உடுப்புகளுக்கு நடுவில்.

ஒரு சிக்கல். கருமணி இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கடைக்காரன் கேட்டான். அதுவும் மூக்கின் நடுவிலிருந்து வலது கண்ணுக்கு எவ்வளவு, இடது கண்ணுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக. தூரமும் கிட்டவும் ஒரே லென்ஸில் பார்ப்பதென்றால் அந்தக் கணக்குப் பிசகக்கூடாதாம். பிசகினால் தலைசுற்றும். தலைசுற்றினால் ஸ்கூட்டி எங்கே ஓடுவது? மாமி வெளிக்கிடுவதற்குள் திருப்பிச் செய்யவும் நேரமில்லை.

"அளக்கிறதோ? அதை என்னட்டை விடு" என்றார் கணவர். சும்மா சொல்லவில்லை. வேலை செய்த காலம் முழுக்க நில அளவையாளராக இருந்தவர். பக்கத்து வளவுக்காரர் வேலியை நாலு விரல் தள்ளி அடைத்தால் ரோட்டில் நின்றே சொல்லிவிடுவார். எங்கள் ஒழுங்கையில் எத்தனையோ வேலிச் சண்டை இவர் நூல் பிடித்துத்தான் தீர்ந்தது.

என்னைக் கதிரையில் இருத்தினார். "தூரத்திலை அந்த முருங்கையைப் பார். என்னைப் பாராதை." அடிமட்டத்தைப் புருவத்தோடு பிடித்தார். நடு எது? நிலம் அளந்து பழகியவருக்கு ஒரு எல்லைக்கல் வேண்டுமல்லவா? என் நெற்றிப் பொட்டை எல்லைக்கல்லாக எடுத்துக்கொண்டார். வலது முப்பத்தைந்து மில்லிமீற்றர், இடது இருபத்தெட்டு. தர்ஷிக்கு அனுப்பியாயிற்று.

உடனே வீடியோ கோல் வந்தது. "அப்பா, அம்மான்ரை மூக்கு எந்தப் பக்கம் நிக்குது?"

"ஏன், நடுவிலைதான்."

"அம்மா, கமராவுக்குக் கிட்ட வாங்கோ பாப்பம்... பொட்டெல்லோ இடப்பக்கம் போய்க் கிடக்குது."

உண்மைதான். பொட்டு வைக்கக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் என் முகம் எனக்கே புகைமாதிரித்தான் தெரியும். குத்துமதிப்பில் ஒட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எவ்வளவு நாளாகவோ! கோயிலுக்கு, கலியாண வீட்டுக்கு, வகுப்புக்கு... ஒருவரும் சொல்லவில்லை. நாலு விரல் வேலியைக் கண்டுபிடிக்கிற மனுஷன், மூன்று நேரமும் எதிரில் இருந்து சாப்பிடுகிறவர், அவருக்கும் தெரியவில்லை.

வந்த கோபத்தில் மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டேன். "வேணுமெண்டு பிழையா அளந்தனீங்களோ? நான் ஸ்கூட்டியை விட்டிடுவன் எண்டு பாக்கிறியளோ?"

அவர் பொட்டைத் தன் விரலாலேயே எடுத்துக் கதிரைக் கையில் ஒட்டினார். மூக்கந்தண்டின் நடுவில் பேனையால் சின்னப் புள்ளி ஒன்று வைத்தார். அளந்தார். திருப்தியில்லாமல் மறுபடியும் அளந்தார். வலது முப்பத்தொன்று, இடது முப்பத்திரண்டு. பிறகும் அடிமட்டத்தை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"இஞ்சை... உன்ரை கண் கறுப்பில்லை."

"பின்னை?"

"மண்ணிறம். நான் கறுப்பெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

பேரப்பிள்ளை கண்ட பிறகு வருகிற பேச்சா இது? முருங்கையை மறந்து அவரைப் பார்த்துவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. "சரி சரி, நம்பரைச் சொல்லுங்கோ" என்றாள் தர்ஷி.

நாங்கள் எதைத்தான் அளக்கவில்லை? வளவு, வேலி, பிள்ளைகளின் மார்க்ஸ், மாப்பிள்ளையின் உயரம்... வீட்டுக்குள் இருக்கிற முகத்தை மட்டும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறோம்.

போன வெள்ளிக்கிழமை மாமியின் சூட்கேஸில் கண்ணாடி வந்தது. போட்டேன். தலைசுற்றவில்லை. எதிர்வீட்டுக் கேற்றில் பிடித்திருந்த கறள்கூடத் தெரிந்தது. நேரே போய்ப் படங்கை இழுத்தேன். இவ்வளவு நாள் சும்மா கிடந்த ஸ்கூட்டி எங்கே ஸ்டார்ட் ஆகப் போகிறது என்றுதான் நினைத்தேன். ஒரே அமத்தலில் பிடித்தது.

"காலமை நீ கோயிலுக்குப் போற நேரம் ஒவ்வொருநாளும் ஸ்டார்ட் பண்ணி வைச்சனான்" என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "பற்றறி இறங்கிப்போகுமெல்லோ."

வீட்டில் இரு என்று வாயால் சொன்ன மனுஷன் செய்து வைத்திருந்த வேலை இது. அவரைச் சந்தேகப்பட்டேனே என்று இருந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை, "ஏறுங்கோ" என்றேன்.

ஏறினார், மடியில் என் வயலின். உடுவில் போய்ச் சேரும் வரை "மெல்லப் போ, மெல்லப் போ" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை... புதிதாக வந்தது கண்ணுக்கு மட்டும்தானே!