குறை சொல்லத் தெரியாத கிளப்பில் நான்

மோட்டார் பம்பு சர்வீஸ் தொழிலில் விவசாயி திட்டுவார், நாம் தலையாட்டிக்கொண்டே ஸ்பேனரைத் தேடினால் போதும். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே கிடையாது. இருபது வருடம் இதில் குப்பை கொட்டியவன் நான். மைக்கைக் கண்டால் கால் உதறுகிற என் இனத்தாரே, அப்படிப்பட்டவன் பேச்சுப் பயிற்சி கிளப்பில் மாட்டிக்கொண்ட கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நிபந்தனை

எங்கள் கம்பெனியில் சர்வீஸ் இன்சார்ஜ் பதவி காலியானது. கிடைத்தால் உச்சி வெயிலில் பைக்கில் கிணறு கிணறாக அலைய வேண்டாம். என் முதுகு அந்தப் பதவிக்கு ஏங்கியது. மேனேஜரோ ஒரு நிபந்தனை போட்டார். தாராபுரத்தில் விவசாயிகள் கூட்டத்தில் எங்கள் புது நீர்மூழ்கி மோட்டாரைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். சொதப்பினால் பதவி வேறொருவருக்கு. "ஏனுங்க தங்கவேலு, உங்க கை நல்லாப் பேசும், எனக்குத் தெரியும். ஆனா மைக்குக்கு முன்னாடி வாய்தானுங்களே பேசோணும்!"

பச்சை அட்டை

வாயைப் பழக்குவதற்காகப் பேச்சுப் பயிற்சி கிளப்பில் சேர்ந்தேன். ஞாயிறு காலைகளில் உக்கடம் பக்கம் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கிளப் கூடும். முதல் பேச்சில் நம்மை நாமே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். நாலு நிமிடம் ஆனால் பச்சை அட்டை காட்டுவார்கள், ஆறு ஆனால் சிவப்பு. என் பெயர், சோமனூர், மனைவி, ஒரு மகள், மோட்டார் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சட்டை நனைந்து இறங்கப் போனவனை, அட்டையோடு உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடைக்காரர் பாவமாகப் பார்த்தார். "நான் அட்டையை எடுக்கறதுக்குள்ள முடிச்சுப்போட்டீங்க. இன்னொரு புள்ள இருந்தா அதையுஞ் சொல்லுங்க."

அனுபவசாலி

ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு உறுப்பினர் ஒருவர் எழுந்து, ஒரு நிறையும் ஒரு குறையும் சொல்ல வேண்டும் என்பது கிளப் விதி. விருந்துச் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் "அருமைங்க" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்கிற ஊர் இது. முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? எனக்கு வாய்த்தவர் கோட்டைமேட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ரஃபீக் பாய். முதல் வாரம் ஃபேன் சத்தம் போடுவதைக் குறை என்றார். அடுத்த வாரம் ஜன்னல், அதற்கடுத்து மைக். ஆக, என்னிடம் குறையே இல்லை, கட்டடத்துக்குத்தான் ரிப்பேர் தேவை என்று நானும் நம்பிவிட்டேன்.

ஆறாவது வாரம் பாதிப் பேச்சு சுத்தமாக மறந்துபோய், ஒரு நிமிடம் மரமாக நின்றேன். பாய் எழுந்தார். "நடுவுல நிறுத்தி எங்க எல்லாரையும் யோசிக்க வெச்சீங்க பாருங்க, அதெல்லாம் அனுபவசாலிக்குத்தான் வருமுங்க."

பழுதுப் பட்டியல்

ஒருநாள் குறை நிறை சொல்லும் முறை எனக்கு வந்தது. பேசியவர் கிளப்பின் தலைவி சரோஜினி மேடம், பேங்க்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்றுதான்: பழுதைக் கண்டுபிடித்து வரிசையாக எழுதுவது. எழுதியதை வாசித்தேன். ஸ்டார்ட் ஆகவே இரண்டு நிமிடம். நடுவில் மூன்று நிமிடம் லோடு இல்லாமல் ஓடியது. ஒரே கதை இரண்டு முறை வந்தது.

ரஃபீக் பாய் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளப்பைவிட்டுத் துரத்தப் போகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். மேடம் அந்தத் தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "மூணு வருசமா இங்க பேசறனுங்க. இன்னிக்குத்தான் ஒருத்தர் காது குடுத்துக் கேட்டிருக்கீங்க."

தாராபுரம்

அந்த வாரமே மேடம் என் பழுதுகளையும் கூச்சமில்லாமல் பட்டியல் போட்டுக் கொடுத்தார். முதல் பழுது, மனப்பாடம். அதனால் தாராபுரத்தில் எதையும் மனப்பாடம் செய்யாமலேயே மேடையேறினேன். கால் உதறியது. மோட்டாரின் நிறைகளைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அதோடு இறங்கியிருக்கலாம். நிறை சொன்னால் குறையும் சொல்லியாக வேண்டும் என்ற கிளப் விதி விடவில்லை. "மணல் வர்ற போர்ல இதை எறக்கிப்போடாதீங்க, ஆறே மாசத்துல உள்ள தேஞ்சுபோகும்" என்றேன்.

முன்வரிசையில் மேனேஜருக்கு முகம் வெளுத்தது. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. கேள்விமேல் கேள்வி. பத்து நிமிடப் பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது. கால் எப்போது உதறலை நிறுத்தியது என்றே தெரியவில்லை. கடைசியில் ஒரு விவசாயி எழுந்து, "நம்ம போர்ல மணல் வராதுங்க, எனக்கு ஒண்ணு எழுதிக்குங்க" என்றார். அவரைப் பார்த்து இன்னும் பலர் எழுந்தார்கள்.

திரும்பும்போது பல்லடத்தில் மேனேஜர் காரை ஓரமாக நிறுத்தினார். பிறகு பெருமூச்சு விட்டார். "இன்சார்ஜ் நீங்கதானுங்க. ஆனா அடுத்த கூட்டத்துல என்ன குறை சொல்லப் போறீங்கன்னு எங்கிட்ட முன்கூட்டியே சொல்லிப்போடுங்க, நெஞ்சு தாங்காதுங்க."

ஆக, இனத்தாரே, மேடைப் பயம் குணமாகிற வியாதி அல்ல. என்னிடமிருந்து மேனேஜருக்குத் தொற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.